உதவிப் பேராசிரியர் வேலை: விண்ணப்ப அலுப்பைக் குறைக்க

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் உதவிப் பேராசிரியர் வேலைக்கு மாற்றி மாற்றி விண்ணப்பிப்பவர்களை அலுக்க வைப்பது, அதே விவரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டும் வேலைதான். ஒரே எக்செல் தாளில் எல்லாவற்றையும் போட்டு வையுங்கள்: நெட் அல்லது செட் (உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வுகள்) சான்றிதழ் எண், பிஎச்டி பட்ட அறிவிப்புத் தேதி, கட்டுரைகள் வெளிவந்த இதழ்களின் ஐஎஸ்எஸ்என் (இதழின் அடையாள எண்), பணியில் சேர்ந்த, விலகிய தேதிகள் (மாதம் மட்டும் போதாது, நாளும் கேட்பார்கள்).

அதிகம் சிக்கவைப்பது ஓபிசி சான்றிதழ். நம்ம ஊர் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மட்டும் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் போதாது. கிரீமிலேயர் (ஓபிசியில் வசதி படைத்த பிரிவு) அல்லாதோர் சான்றிதழ், மத்திய அரசின் படிவத்தில், பெரும்பாலும் நடப்பு நிதியாண்டுக்கானதாகக் கேட்பார்கள். ஏப்ரலிலேயே பக்கத்து இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். விளம்பரம் வந்த பிறகு ஓடினால், தாசில்தார் அலுவலகத்தில் ஒப்புதல் வருவதற்குள் கடைசித் தேதி போய்விடும்.

வேலை விளம்பரங்களைத் தினமும் தளம் தளமாகத் தேடாதீர்கள், வாரத்தில் இரண்டு மாலை தாராளம்.