ஒருவரிடம் டிரிப், இன்னொருவரிடம் வண்டி: மலையில் டிராவல்ஸ் நடத்துபவர்களுக்கு ஆன்லைன் ஏலம்

மே மாதத்தில் ஊட்டியில் ஒருவர் டெம்போ டிராவலர் கிடைக்காமல் அலைந்துகொண்டிருப்பார். அதே காலையில் கோத்தகிரியில் இன்னொருவருடைய டிராவலர் சும்மா நிற்கும். "அண்ணா, வண்டி இருக்கா?" என்று பத்துப் பேருக்கு ஃபோன் போடுவதற்குப் பதிலாக, ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஒரு கூகுள் ஃபார்மும் வைத்து இதை ஒழுங்காகச் செய்யலாம். தனியாக ஆப் எதுவும் வேண்டாம்.

ஏலம் என்றால் நம் பக்கத்தில் குன்னூர் தேயிலை ஏலம்தான் நினைவுக்கு வரும். அங்கே விற்பவர் ஒருவர், வாங்குபவர்கள் விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள். இங்கே தலைகீழ். டிரிப் வைத்திருப்பவர் ஒருவர், வண்டி தர முன்வருபவர்கள் பலர், விலை இறங்கும்.

முதலில் ஆட்களும் காகிதங்களும்

ஐந்தாறு உரிமையாளர்கள் போதும். ஒவ்வொரு வண்டியின் எண், சீட், பெர்மிட், எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் முடியும் தேதி எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் போடுங்கள். அரசின் எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைத் தட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம். எட்டு வயது தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. என்பதால் பழைய வண்டிகளை மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள்.

வெள்ளை போர்டு (சொந்த உபயோக) வண்டியைக் குழுவில் சேர்க்கவே வேண்டாம். பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம், சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. அதைவிடப் பெரிய தலைவலி, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கை விரிக்கலாம்.

டிரிப்பை எழுதுவது

பாதிச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. "ஊட்டி டு கோவை, நாளைக்கு, ரேட் சொல்லுங்க" என்று போட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை நினைத்து விலை சொல்வார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

"சனிக்கிழமை காலை 6 மணி. லவ்டேலிலிருந்து கோவை ஏர்போர்ட். 11 பேர், பெரிய பெட்டி 9. டெம்போ டிராவலர், மேலே கேரியர் வேண்டும். கோத்தகிரி வழி. ஒரு பக்கம் மட்டும். டீசல், பேட்டா, பார்க்கிங் சேர்த்த தொகை. வெள்ளி மாலை 5 மணிக்குள் விலை."

வழியை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்குவது வழக்கம். மசினகுடிப் பக்கம் என்றால் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் இருக்கிறது.

அப்புறம், வெளி வண்டிகள் நீலகிரிக்குள் வர எடுக்கவேண்டிய இ-பாஸ். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வந்தது. நீலகிரியில் பதிவான டி.என். 43 வண்டிக்கு விலக்கு உண்டு, மேட்டுப்பாளையத்து டி.என். 40-க்கு இல்லை. 2025 சீசனில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையையும் கட்டினார்கள். கீழேயிருந்து மலிவாக ஒரு வண்டி கிடைத்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன் பாஸ் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

விலை வாங்குவது

வாட்ஸ்அப் குழுவிலேயே எல்லோரும் பார்க்க விலை போடச் சொல்லாதீர்கள். ஒருவர் போட்டதைப் பார்த்து அடுத்தவர் நூறு ரூபாய் குறைப்பார், கடைசியில் டிரைவர் பேட்டாவில் கை வைப்பார்கள். ஃபார்மில் வாங்கினால் விலை மூடியே இருக்கும், போட்ட நேரமும் தானாகப் பதிவாகும். அந்த டிரிப்புக்கு விலை போடாத ஒருவர் திறந்து பார்க்கட்டும்.

யாருக்கு எவ்வளவு கொடுப்பது? 5,200, 5,600, 6,000 என்று மூன்று விலை வந்தால், 5,200 கேட்டவருக்கு டிரிப். ஆனால் பணம் இரண்டாவது விலையான 5,600. வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் 1961-இல் அலசிக் காட்டிய முறை இது. 1996-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கிடைக்கப்போவது அடுத்தவர் சொன்ன விலை என்பதால், கூட்டிச் சொல்லிப் பார்க்கும் தேவை யாருக்கும் இல்லை. தனக்கு உண்மையில் கட்டுப்படியாகும் தொகையைப் போட்டால் போதும். முதலில் கேட்கும்போது நஷ்டம் போலத் தோன்றும். எனக்கு இந்த முறைதான் பிடித்திருக்கிறது.

குறைந்த விலை ஏன் குறைந்தது?

என்னைக் கேட்டால் இந்தக் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரு வண்டி மதியம் கோவை ஏர்போர்ட்டில் ஆள் ஏற்றவேண்டியிருக்கிறது. எப்படியும் காலையில் காலியாக இறங்கும். அவர் குறைத்துக் கேட்டால் அது நியாயமான குறைவு, இருவருக்கும் லாபம். இன்னொருவர் குறைத்துக் கேட்பது, இரவெல்லாம் பெங்களூரிலிருந்து ஓட்டி வந்த டிரைவரையே காலையில் மறுபடி இறக்கத்தில் அனுப்பப்போவதால். அந்த விலை நமக்கு வேண்டாம்.

ஆகவே ஃபார்மில் இரண்டு கேள்விகளைக் கட்டாயமாக்குங்கள்: "அன்று வண்டிக்கு வேறு டிரிப் எங்கே?", "டிரைவர் கடைசி டிரிப் முடித்தது எத்தனை மணிக்கு?" தொழிலாளர் சட்டப்படி பொதுவாக ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலைதான். போதிய ஓய்வு இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவானாலும் தள்ளிவிடுங்கள்.

வண்டி உங்களுடையது, ஆக்டிங் டிரைவர் (அந்த டிரிப்புக்கு மட்டும் வரும் டிரைவர்) மட்டும் வேண்டும் என்றாலும் இதே ஃபார்ம்தான். லைசென்ஸோடு, இந்த மலையில் இதே அளவு வண்டி ஓட்டியவரா என்றும் கேளுங்கள். சமவெளியில் இருபது வருடம் ஓட்டியவர்கூட குன்னூருக்குக் கீழே பர்லியார் இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வந்து டிரம்மைச் சூடாக்கிவிடுவார். ஏற்றத்தில் வரும் வண்டிக்குத்தான் முதலில் வழி என்பதும் பலருக்குத் தெரியாது.

கைமாற்றும்போது

நான்கு பக்கமும் போட்டோ, கிலோமீட்டர், டீசல் முள். குழுவில் போட்டால் போதும். பாதி முன்பணம் அன்றே ஜிபேயில், மீதி டிரிப் முடிந்த அன்றிரவு. "சீசன் முடியட்டும், கணக்குப் பார்க்கலாம்" என்று சொல்பவரை அடுத்த ஏலத்தில் சேர்க்காதீர்கள். வண்டி வராமல் போனால் இரண்டாவது விலை போட்டவரை உடனே கூப்பிடலாம். அதனால் கூடுதலாகச் செலவானால் அதை வராதவர் கட்டவேண்டும் என்று முதல் நாளே எழுதிவையுங்கள்.