இளம் பொறியாளர்களுக்கான பயிற்சித் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படிப்பை முடித்துப் பணியில் சேரும் பொறியாளர் எதைச் சரிபார்ப்பார், எதைக் கேட்கத் தயங்குவார், எந்த இடத்தில் நின்று யோசிப்பார் என்பவை பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே படிந்துவிடுகின்றன. அந்த ஆண்டுகளைச் செதுக்கவே நிறுவனங்கள் பயிற்சித் திட்டங்களைத் தொடங்குகின்றன. ஆனால் பல இடங்களில் அந்தத் திட்டம் மனிதவளப் பிரிவின் நாட்காட்டியில் இருக்கிறதே தவிர, உண்மையான பணி நடக்கும் குழுவின் நாட்காட்டியில் இருப்பதில்லை. தோற்றுப்போகும் திட்டங்களின் குறைகளில் பெரும்பகுதி இந்த விலகலிலிருந்தே கிளைக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அவற்றுள் மிகப் பெரிய தவறு, வழிகாட்டியின் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது. மூத்த பொறியாளர் ஒருவரை வழிகாட்டியாக அறிவித்துவிட்டு, அவருடைய வேலைச்சுமையில் ஒரு மணி நேரத்தைக்கூடக் குறைக்காமல், வரைபடங்களையும் வடிவமைப்புகளையும் குறித்த தேதியில் முடித்தாரா என்பதை வைத்தே அவரை மதிப்பிட்டால், இளையவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அவருக்கு இடையூறாகத்தான் தோன்றும். இதில் அவருடைய மனப்பான்மையைக் குறை சொல்வதில் பயனில்லை. திட்ட மதிப்பீட்டைத் தயாரிக்கும்போதே வழிகாட்டலுக்கான நேரத்தைத் தனி வரியாக எழுத வேண்டும். காலக்கெடு நெருங்கும்போது முதலில் வெட்டப்படும் வரியாக அது இருக்கவும் கூடாது. ஆண்டு மதிப்பீட்டில் ‘இவரிடம் பயின்றவர்கள் இப்போது எதைத் தனியாகச் செய்கிறார்கள்’ என்ற கேள்வியும் இடம்பெற வேண்டும். ஒரே வழிகாட்டியிடம் ஐந்தாறு பேரை ஒப்படைப்பதும் நேரத்தை மறுப்பதற்கு இன்னொரு வழிதான்.

அடுத்த தவறு, எல்லாவற்றையும் முதல் சில வாரங்களிலேயே கொட்டித் தீர்ப்பது. தர விதிகள், பாதுகாப்பு நடைமுறை, மென்பொருள், ஆவண ஒழுங்கு என்று வகுப்பு வகுப்பாக நடத்திவிட்டு, அதன்பின் ஓராண்டுக்கு ஒன்றுமே இல்லாமல் விட்டுவிடுவார்கள். பயன்படுத்தாத செய்தி எவ்வளவு விரைவில் மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885ஆம் ஆண்டிலேயே தம்மீது நடத்திய சோதனைகளால் அளந்து காட்டினார். பாதுகாப்பு தொடர்பானவற்றை முதல் நாளிலேயே சொல்லித்தான் ஆக வேண்டும். மற்றவற்றை அந்தந்த வேலை கைக்கு வரும் வாரத்தில் கற்பித்து, சில வாரங்கள் கழித்து வேறொரு வேலையில் மீண்டும் பயன்படுத்தச் செய்தால், கற்றது நெடுங்காலம் நிற்கும்.

கற்பிக்கும் முறையில் நேரும் தவறுகளைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் நல்லெண்ணம் கொண்ட வழிகாட்டிகளும் இங்கேதான் சறுக்குகிறார்கள். சிலர் எல்லா விடைகளையும் உடனே சொல்லிவிடுவார்கள். சிலர் ‘நீயே தேடிக் கண்டுபிடி’ என்று முதல் நாளிலிருந்தே விட்டுவிடுவார்கள். 1985இல் கல்வி உளவியல் ஆய்வாளர்களான ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் இயற்கணிதம் பயில்வோரிடம் நடத்திய சோதனைகளில், தொடக்கநிலையில் இருப்பவர்கள் தாமே தடுமாறித் தீர்ப்பதைவிட, படிப்படியாகத் தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படித்தபோது விரைவாகக் கற்றார்கள். தேர்ச்சி கூடியபின் அதே உதவி தேவையற்ற சுமையாக மாறுகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே முதலில் முழுமையாகச் செய்துகாட்டி, பிறகு சில படிகளை அவரிடம் விட்டு, கடைசியில் முழுவதையும் அவரே செய்யும்படி உதவியைக் குறைத்துக்கொண்டே வருவதுதான் சரியான வரிசை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இரு முனைகளிலும், முனை சுழல்வதைத் தடுக்காத எளிய தாங்கிகள் மீது நிற்கும் 6 மீட்டர் நீள உத்தரம், அதன்மேல் மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் சீரான பாரம். இளம் பொறியாளர் மென்பொருளில் கணக்கிட்டு, நடுப்பகுதியின் வளைவுத் திருப்புத்திறன் (பாரம் உத்தரத்தை வளைக்கும் விளைவின் அளவு) 30 கிலோநியூட்டன் மீட்டர் என்று கொண்டுவருகிறார். வழிகாட்டி உள்ளீட்டுக் கோப்பைத் திறந்து, பிழையைத் தாமே திருத்தித் தந்துவிட்டால் வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் அடுத்த மாதமும் இதே பிழை வேறு வடிவில் வரும். அதற்கு மாறாக, ‘கையால் போட்டால் எவ்வளவு வரும்?’ என்று கேட்டால், பாரத்தை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8ஆல் வகுத்து 90 என்று அவரே காண்பார். மூன்று மடங்கு வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போது, மென்பொருளில் முனைகள் சுழல முடியாதபடி இறுகப் பிணைக்கப்பட்டவையாகக் குறிக்கப்பட்டிருப்பதும், அந்நிலையில் வகுக்கும் எண் 24 ஆகிவிடுவதும் புலப்படும். மென்பொருளைத் திறக்கும் முன்பே எதிர்பார்க்கும் விடையைத் தாளில் எழுதிவைக்கும் பழக்கம் இப்படி ஒரே ஒருமுறை பட்டால்கூட ஊன்றிவிடும்.

வரைபடத்திலோ நிரலிலோ காரணம் சொல்லாமல் திருத்தம் எழுதி அனுப்புவதும் இதே வகைத் தவறுதான். ‘இதை மாற்றவும்’ என்ற குறிப்பு ஒரு வரைபடத்தைத் திருத்தும். ஏன் மாற்ற வேண்டும் என்ற ஒரு வரி சேர்ந்தால் அடுத்த பத்து வரைபடங்களும் திருந்தும்.

தோல்விகளை இளையவர்களின் கண்ணில் படாமல் மறைப்பது, அதிகம் பேசப்படாத தவறு. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஹோட்டலின் தொங்கு நடைபாலங்கள் 1981 ஜூலை 17 அன்று இடிந்து விழுந்ததில் 114 பேர் உயிரிழந்தனர். மேல் பாலத்தினூடே கீழ்ப் பாலம் வரை தொடர்ச்சியாக இறங்க வேண்டிய கம்பிகள், தயாரிப்பு நிலையில் இரண்டு தனித்தனித் தொகுதிகளாக மாற்றப்பட்டன. அதனால் கீழ்ப் பாலத்தின் பாரமும் மேல் பாலத்தின் இணைப்புகள் மீதே வந்து விழுந்தது. உரிய கணக்கீடு இல்லாமலேயே அந்த மாற்றம் ஒப்புதலைக் கடந்துவிட்டது. தயாரிப்பு வரைபடங்களைச் சரிபார்ப்பது சலிப்பூட்டும் எடுபிடி வேலை என்று எண்ணும் புதியவருக்கு, இந்த இணைப்பைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு மரையாணியிலும் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று கணக்கிடச் சொல்லிப் பாருங்கள். எத்தனை அறிவுரை சொன்னாலும் வராத கவனம் அந்த ஒரு பயிற்சியில் வந்துவிடும். நிறுவனத்துக்குள்ளேயே நேர்ந்த தவறுகளையும், யாருடைய பெயரையும் சுட்டாமல், இப்படியே பாடமாக்கலாம், ஆக்கவும் வேண்டும்.

ஆனால் தவறைப் பேச இடம் இல்லாத நிறுவனத்தில் இது நடக்காது. சம்பள உயர்வையும் பதவி உயர்வையும் முடிவு செய்யும் மேலாளரையே ஒரே வழிகாட்டியாகவும் அமர்த்தினால், ‘எனக்கு இது புரியவில்லை’ என்று எந்த இளைஞர் வாய்திறப்பார்? நிறுவனங்களில் குழுக்கள் கற்கும் விதத்தை ஆராயும் எமி எட்மண்ட்சன், மருத்துவமனைக் குழுக்களில் மருந்து தருவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் பதிவான பிழைகள் அதிகமாக இருந்தன. பிழைகளை அஞ்சாமல் சொல்ல முடிந்ததே அதற்குக் காரணம் என்று அவர் விளக்கினார். மதிப்பிடுபவரும் வழிகாட்டியும் வெவ்வேறு ஆட்களாக இருப்பதும், இருவருக்கும் இடையே எந்தச் செய்தி போகும், எது போகாது என்பதை முதல் நாளிலேயே இளையவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுவதும் நல்லது. வழிகாட்டிக்கும் பயில்பவருக்கும் ஒத்துவரவில்லையென்றால், யார் மீதும் குற்றம் சாட்டாமல் ஆளை மாற்றிக்கொள்ளும் வழியும் திறந்திருக்க வேண்டும்.

வேலையைத் துண்டு துண்டாகத் தருவதும் தவறே. தாம் வடிவமைத்த பாகம் பட்டறையில் உருவாவதையோ, களத்தில் பொருத்தப்படுவதையோ ஒருமுறையும் காணாத பொறியாளர், அளவு விலக்கங்களை, அதாவது குறித்த அளவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற வரம்புகளை, வெறும் எண்களாகவே பார்ப்பார். சிறிய வேலையாயினும், தொடக்கம் முதல் முடிவு வரை அவருடைய பெயரில் ஒன்று இருக்கட்டும்.

கடைசியாக, அளவிடும் முறை. வகுப்புக்கு வந்தவர்களின் எண்ணிக்கையும், வகுப்பு முடிந்ததும் நிரப்பித் தரும் திருப்திப் படிவமும் திட்டம் வென்றதற்குச் சான்றாகாது. பயிற்சியை மதிப்பிடுவதற்காக அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959 முதல் எழுதி வந்த நான்கு நிலைகளில் கேட்பவரின் மனநிறைவு முதற்படி மட்டுமே. கற்றது என்ன, பணியில் நடத்தை மாறியதா, அதனால் விளைந்தது என்ன என்பவை அடுத்த படிகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இளம் பொறியாளர் அண்மையில் முடித்த ஒரு கணக்கீட்டையோ வடிவமைப்பையோ எடுத்து, அவருடைய குழுவைச் சேராத ஒருவர் முன்னிலையில், எந்த அனுமானங்களை ஏற்றார், அவற்றை எப்படிச் சரிபார்த்தார் என்று விளக்கச் சொல்லலாம். அவர் எங்கே திணறினாரோ அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஆறு மாதங்களுக்கான வேலைகளை அந்தக் குறிப்பிலிருந்தே பிரித்துத் தர வேண்டும்.