தாராக் கறியில் வாடையா? பிழை பெரும்பாலும் அடுப்பில் இல்லை

தாரா, அதாவது வீட்டு வாத்து இறைச்சி என்றாலே திருகோணமலையில் பாதிப்பேர் முகத்தைச் சுளிப்பார்கள். வாடை அடிக்கும், மென்று மென்று தாடை நோகும், எண்ணெய் மிதக்கும் என்று மூன்று குற்றச்சாட்டு. மூன்றும் நடக்கிறவைதான். ஆனால் கோழியை உரிப்பதுபோல உரித்து, கோழிக்குப் போடுகிற தூளையே போட்டு, புரொய்லர் வேகிற நேரத்தில் இறக்கினால் வேறு எப்படி வரும்? இதில் மோசமான பிழை, வாடையை மசாலாவால் அமுக்கப் பார்ப்பது. கராம்பும் ஏலமும் இரண்டு மடங்கு போட்டால் கராம்பு வாசத்தோடு தாரா வாடையும் சேர்ந்து வரும், அவ்வளவுதான். வாடை எந்த எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் அதைக் கத்தியாலேயே எடுத்துவிடலாம்.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியது, அந்தத் தாரா எதைத் தின்று வளர்ந்தது என்பது. தின்ற தீனியின் மணம் கொழுப்பில் ஏறும், தாராவுக்குக் கொழுப்பு தோலுக்கடியில் தடிப்பாக இருக்கும். கரையோரத்தில் மீன் கழிவு தின்று வளர்ந்ததை என்ன செய்தாலும் கறியில் மீன் வாசம் வரும். தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் பெரும்போகம் அறுத்த வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்கித் திரிந்த தாராவின் ருசி வேறு. ஆகவே விற்கிறவரிடம் வயதைக் கேட்கிறீர்களோ இல்லையோ, தீனியைக் கேளுங்கள். மீன் தின்றதுதான் கிடைத்தது என்றால் உயிரோடு வாங்கிவந்து ஒன்றிரண்டு கிழமை அடைத்து வைத்து நெல்லும் தவிடும் கீரையும் போட்டால் பெருமளவு குறையும். அவசரத்துக்கு வாங்கி அன்றே அறுப்பவர்களுக்கு இந்த வழி இல்லை.

வயதையும் கண்ணால் பார்க்கலாம். இளசின் அலகு விரலால் அழுத்தினால் கொஞ்சம் வளையும், காலில் விரலிடைச் சவ்வு மெல்லிசாக இருக்கும். முற்றலின் அலகு கட்டை போல இருக்கும், நகம் தேய்ந்திருக்கும். முற்றல் என்றால் வேண்டாம் என்று சொல்லவில்லை. குழம்புக்கு எனக்கு முற்றலைத்தான் பிடிக்கும், சாறு இறங்குவது அதில்தான். ஆனால் இளசுக்கான நேரத்தில் முற்றலை இறக்கக் கூடாது. இன்னொன்று, இறகை எதிர்ப்பக்கமாகத் தடவிப் பாருங்கள். கறுப்பாக, ஊசி முனை போலக் குருத்திறகு நிறைய முளைத்திருந்தால் அந்தத் தாராவை இரண்டு மூன்று கிழமைக்கு விட்டுவிடுவது நல்லது. இல்லையென்றால் ஒரு பின்னேரம் முழுக்கச் சிறுகுறடோடு இருக்க வேண்டி வரும்.

இறகு பிடுங்குவதில் நடக்கிற பிழை, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றுவது. மேல்தோல் வெந்துவிடும், இழுத்தால் இறகோடு தோலும் கிழிந்து வரும். அதேநேரம் அடி இறகு அப்படியே நிற்கும். தாராவின் இறகில் எண்ணெய்ப் பூச்சு இருப்பதால் தண்ணீர் உள்ளே இறங்காமல் உருண்டு ஓடும். 65 முதல் 70 பாகை செல்சியஸ் சூடு போதும். வெப்பமானி இல்லாத வீட்டில், கொதித்த தண்ணீர் மூன்று பங்குக்குப் பச்சைத் தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். அதில் பாத்திரம் கழுவுகிற திரவம் சில சொட்டு விட்டால் தண்ணீர் அடி இறகுவரை போகும். தாராவை முக்கி, இறகு பிரியும்படி இரண்டு மூன்று நிமிடம் அசைத்துக் கொடுங்கள். பிடுங்கி முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

மிச்ச மயிரை நெருப்பில் வாட்டும்போது மண்ணெண்ணெய் அடுப்பில் பிடிக்காதீர்கள். கொழுத்த தோல் அந்த வாசத்தைப் பிடித்துக்கொள்ளும், பிறகு போகவே போகாது. காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி அதன் சுவாலையில் வாட்டுவது பழைய முறை, இன்றைக்கும் அதுதான் சரி. எரிவாயு அடுப்பும் பிழையில்லை. தோல் லேசாக மஞ்சள் பிடித்ததும் மஞ்சள்தூளும் உப்பும் போட்டுத் தேய்த்தால் கருகல் கழன்று வரும்.

இனி வாடையின் தலைமை அலுவலகத்துக்கு வருவோம். தாராவைக் குப்புற வைத்து, வாலடிக்கு மேலே விரலால் அழுத்திப் பாருங்கள். தோலுக்கடியில் இரண்டு கட்டியாக ஒன்று தட்டுப்படும், நுனியில் சின்னக் காம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் எண்ணெய்ச் சுரப்பி. தாரா அலகை அதில் தேய்த்துத்தான் இறகுக்கு எண்ணெய் பூசும். கோழிக்கும் இருக்கிறது, ஆனால் சின்னது. நீர்ப்பறவைக்குப் பெரியது, நாற்றமும் அதிகம். சிலர் அந்தக் காம்பை மட்டும் நறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அது சுரப்பியைத் திறந்துவிட்ட கணக்கு. காம்புக்கு ஒரு விரற்கடை முன்னால் கத்தியை வைத்து, எலும்பில் தட்டும்வரை இறக்கி, அப்படியே வால் பக்கமாகச் சரித்து ஒரே துண்டாக எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் மஞ்சளாக ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், அதையும் சுரண்டி எடுங்கள். வாலே வேண்டாம் என்று முழுவதையும் வெட்டி எறிபவர்களும் உண்டு, அதுவும் நட்டமில்லை. முக்கியமாக, அந்தக் கத்தியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் நெஞ்சுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

உள்ளுக்குள்ளும் இரண்டு இடம் பாக்கி. விலா எலும்புகளுக்கிடையில் இளஞ்சிவப்பாகப் பஞ்சு போல ஒட்டியிருக்கும் நுரையீரல் ஒன்று. முதுகெலும்புக் குழியில் கருஞ்சிவப்பாகப் பதிந்திருக்கும் சிறுநீரகம் மற்றது. கையால் இழுத்தால் பிய்ந்து பாதி உள்ளே நிற்கும். கரண்டி முனையால் குழி குழியாகச் சுரண்டி, ஓடுகிற தண்ணீரில் கழுவினால் எலும்பு வெள்ளையாகத் தெரியும். அதுவரை விடக் கூடாது. ஈரலை எடுக்கும்போது பச்சை நிறப் பித்தப்பை உடைந்தால் இறைச்சி கசந்துவிடும் என்று இறைச்சி வெட்டுகிற யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

அறுத்த சூட்டோடு சட்டியில் போடுவது இன்னொரு பிழை. அறுத்துச் சில மணி நேரத்தில் தசை விறைக்கும், அந்த நேரத்தில் வெட்டிச் சமைத்தால் எவ்வளவு வேகவைத்தாலும் விறைப்புத் தெரியும். சுத்தம் செய்து, ஈரத்தைத் துடைத்து, மூடி ஒரு இரவு பிரிட்ஜில் வையுங்கள். வெளியில் வைத்து ஆறவிடுகிற வேலை எங்கள் வெக்கையில் ஆகாது.

அந்த இரவை வீணாக்காமல் ஊறவும் விடலாம். தேசிக்காய்ப் புளியில் இரவு முழுக்க ஊறவைத்தால் மேற்பகுதி வெளிறிச் சுண்ணாம்பு போல ஆகிவிடும், உள்ளே எதுவும் போகாது. புளி அரை மணி நேரம் போதும். இரவுக்கு எருமைத் தயிர்தான் நல்லது. கிண்ணியாத் தயிருக்குப் பெயர் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு வேறெதைத் தேடுவது? கெட்டித் தயிரோடு உப்பு, இஞ்சி, உள்ளி, மிளகு. அது போதும். பப்பாசிக்காய் அரைத்துப் பூசுபவர்கள் அளவைக் கவனிக்க வேண்டும். அதிலுள்ள பாப்பைன் என்ற நொதி தசையை உடைக்கும், ஆனால் கூடினால் மேலே கூழ், நடுவே பழைய இறுக்கம். ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, அரை மணி நேரம். அதற்குமேல் வேண்டாம்.

அடுப்புக்கு வந்தால், வழக்கம்போல எண்ணெய் விட்டு வெங்காயம் வதக்கித் தொடங்குகிறோமே, அங்கேதான் எண்ணெய் மிதக்கிற கறி உருவாகிறது. தாராவுக்கு அதன் கொழுப்பே போதும், அதை முதலில் இறக்க வேண்டும். தோலுள்ள துண்டுகளைத் தோல் கீழே இருக்கும்படி வெறும் சட்டியில் அடுக்கி, கால் கப் தண்ணீர் விட்டு, சிறு நெருப்பில் வையுங்கள். தண்ணீர் வற்றும்வரை கொழுப்பு மெதுவாக உருகும். பிறகு சடசடவென்ற சத்தம் மாறி, தோல் பொன்னிறமாகி, சட்டியில் தெளிந்த கொழுப்பு நிற்கும். இதற்கு இருபது நிமிடம் போகும், நெருப்பைக் கூட்டினால் தோல் கருகிக் கொழுப்பு உள்ளேயே நிற்கும். துண்டுகளை எடுத்துவிட்டு, இரண்டு மேசைக்கரண்டிக் கொழுப்பைச் சட்டியில் விட்டு மிச்சத்தை வடித்துப் போத்தலில் ஊற்றுங்கள். சட்டியில் நிற்கிற அந்தக் கொழுப்பில்தான் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, றம்பை, கறுவா எல்லாம் வதங்க வேண்டும். வறுத்து அரைத்த கறித்தூளை இந்தச் சூட்டில் நேராகக் கொட்டினால் கசக்கும், இறைச்சியைப் போட்டுப் பிரட்டிய பிறகு தூவுங்கள்.

அப்புறம் நேரம். தாராவின் நெஞ்சிறைச்சி சிவப்பாக இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள மயோகுளோபின், ஓயாமல் வேலை செய்யும் தசைக்கு ஒட்சிசனைச் சேர்த்து வைக்கிற புரதம். தொடையில் இணைப்புத் திசு அதிகம், அது இளகிச் சாறாக நீண்ட நேரம் சிறு கொதி வேண்டும். புரொய்லர் அரை மணி நேரத்தில் வெந்துவிடும். இளந்தாராவுக்கு ஒரு மணி நேரம், முற்றலுக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் சீக்கிரம் வேகும் என்று நினைப்பது பிழை, தசை சுருங்கி நார் நாராகப் போகும். தொடையும் முதுகும் முதலில் போகட்டும், நெஞ்சுத் துண்டுகள் கடைசி முக்கால் மணி நேரத்துக்கு வந்தால் போதும். பிறஷர் குக்கரில் முற்றலுக்கு முப்பது நிமிடம் வைத்து, திறந்து பார்த்துத் தீர்மானியுங்கள். விசில் எண்ணுகிற கணக்கு குக்கருக்குக் குக்கர் மாறும்.

தேங்காய்ப்பாலில் எங்கள் பெண்கள் தாராள மனசுக்காரர்கள். கோழிக்குச் சரி. தாராவுக்கு முதற்பாலை வழக்கம்போல ஊற்றினால் கொழுப்போடு கொழுப்பு சேர்ந்து நாலு வாயோடு திகட்டும். வேகிறதுக்குக் கப்பிப்பால் (முதற்பாலுக்குப் பிறகு பிழிகிற தண்ணிப்பால்), முடிவில் முதற்பால் கால் கப், ஊற்றி ஒரு கொதி வருமுன் இறக்குங்கள். கொழுப்பை வெட்டுகிறது புளிப்பும் மிளகும்தான். இரண்டு சுளை கொறுக்காப்புளியை வேகும்போதே போட்டால் நன்றாக இருக்கும். செத்தல் மிளகாயைக் குறைத்து மிளகைக் கூட்டினால் இன்னும் நன்றாக இருக்கும்.

இதையெல்லாம் கனடாவில் இருக்கிற என் அக்காவின் மகனுக்கும் எழுத வேண்டி வந்தது. வேலைத்தளத்தில் வேட்டைக்குப் போகிற ஒருவர் காட்டு வாத்து ஒன்றை உரித்துக் கொடுத்துவிட்டாராம். "சித்தி, கோழிக்கறி மாதிரி வச்சா சரியா?" என்று கேட்டான். சரிவராது. தாராக் கணக்கும் அப்படியே பொருந்தாது, ஏனென்றால் வலசை போகிற காட்டு வாத்தில் வீட்டு வாத்தின் அளவுக்குக் கொழுப்பு இல்லை. நெஞ்சு மாட்டிறைச்சி போலக் கருஞ்சிவப்பு, கூட வெந்தால் வறண்டு ஈரல் வாசம் அடிக்கும். கொழுப்பை வடிக்கிற வேலை அங்கே தலைகீழ், நாம்தான் எண்ணெயோ தேங்காய்ப்பாலோ கொடுக்க வேண்டும். ஒரு லீட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்புக் கரைத்து இரவு முழுக்க ஊறவைத்தால் இரத்த வாசமும் குறையும், ஈரமும் நிற்கும்.

சமைக்க முதல் குண்டு பட்ட ஓட்டைகளை விரலால் தடவ வேண்டும். கனடாவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு தடை, உருக்குக் குண்டுதான் பெரும்பாலும், அது பல்லை உடைக்கும். குண்டோடு உள்ளே இழுபட்ட இறகுத் துணுக்கும் இருக்கும், நாற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம். வேட்டைக்காரர்கள் நெஞ்சை நடுவில் சிவப்பாகவே இறக்குவார்கள். கனேடிய சுகாதாரத் துறை பறவை இறைச்சித் துண்டுகளுக்குச் சொல்வது உள்ளே 74 பாகை செல்சியஸ். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்த அளவைத்தான் பிடிக்க வேண்டும். அந்தச் சூட்டிலும் நெஞ்சு வறளாமல் இருக்க ஒரே வழி, நாருக்குக் குறுக்கே மெல்லிசாக அரிந்து பிரட்டுவது, அல்லது கொத்தி உருளைக்கிழங்கோடு ரோல்சுக்குள் வைப்பது. அவன் ரோல்ஸ்தான் செய்தான். தொடையைத் தனியாக மூன்று மணி நேரம் குழம்பில் விட்டிருக்கிறான்.

இதை வாசித்துவிட்டு கந்தளாய்க் குளத்துப் பக்கம் மாரியில் வந்திறங்குகிற சிறகி என்ற காட்டு வாத்துகளைப் பார்த்து யாருக்காவது ஆசை வந்தால், அது வேண்டாம். 1937இல் வந்த தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அவற்றைச் சுடுவதும் பிடிப்பதும் குற்றம். கரையில் செத்துக் கிடக்கும் பறவையைத் தொடவும் வேண்டாம், பறவைக் காய்ச்சல் நீர்ப்பறவைகளில் சுலபமாகப் பரவும். கனடாவிலும் பூங்காவில் நடக்கிற வாத்தைப் பிடித்துக்கொண்டு போக முடியாது. உரிமம், பருவம், எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது.

வடித்து வைத்த கொழுப்பைக் கொட்டிவிடாதீர்கள். துணியில் வடிகட்டி, ஈரமில்லாத போத்தலில் பிரிட்ஜில் வைத்தால் பல கிழமை இருக்கும். அடியில் சாறு தேங்கி நின்றால் அதுதான் முதலில் புளிக்கும், ஊற்றும்போதே அதை விட்டுவிடுங்கள். உருளைக்கிழங்கும் கத்தரிக்காயும் பொரிப்பதற்கு அது தேங்காய் எண்ணெயைவிட நன்றாக இருக்கும். றொட்டி மாவில் ஒரு கரண்டி போட்டுக் குழைத்தால் மறுநாளும் மெதுவாக இருக்கும்.