ஆர்எக்ஸ் 100 கோன் செட்டு: வரமாட்டேன்னு அடம்புடிக்கிற கிண்ணத்த கழட்டறது எப்படி

முன் பிரேக்க புடிச்சுட்டு வண்டிய முன்னயும் பின்னயும் ஆட்டிப் பாருங்க. ஹேண்டில் கழுத்துக்கிட்ட டொக்கு டொக்குன்னு அடிக்குதா? இல்லாட்டி முன் சக்கரத்த தூக்கி வெச்சு ஹேண்டில மொள்ளத் திருப்பறப்ப நேரா வர்ற எடத்துல குழில உழுந்த மாதிரி நிக்குதா? அப்ப கோன் செட்டு (ஹேண்டில் திரும்பறதுக்கு கழுத்துல மேலயும் கீழயும் இருக்கற பேரிங்; பாலு, அது ஓடற கிண்ணம், கோன் எல்லாம் சேந்தது) போச்சுங்க. 1996லயே தயாரிப்ப நிறுத்துன யமஹா வண்டி, பல வண்டில கிண்ணம் சேசிஸ்ல துரு ஏறி ஒட்டிக் கெடக்கும்.

மொதல்ல டேங்க்க கழட்டி தூரமா வெச்சுருங்க. சென்டர் ஸ்டேண்டு போட்டு இஞ்சினுக்கு அடியில கட்டைய முட்டுக் குடுத்து சக்கரம், மட்கார்டு, ஃபோர்க், ஹேண்டில் எல்லாம் இறக்கிருங்க. ஸ்டியரிங் நட்ட கழட்டறதுக்கு முன்னாடி கீழ ஒரு துணி விரிக்கோணும், உள்ள இருக்கறது சின்னச் சின்ன பாலு, செதறி ஓடிரும். மேல எத்தன, கீழ எத்தனன்னு தனித்தனியா எண்ணி வெச்சுக்கோங்க.

இப்பத்தான் முக்கியமான வேலை. மேல் கிண்ணத்த கீழ இருந்து தட்டோணும், கீழ் கிண்ணத்த மேல இருந்து தட்டோணும். ஒன்றரை அடி நீளக் கம்பி ஒன்னு எடுத்து முனைய நல்லா சதுரமா அராவிக்குங்க, வட்டமா இருந்தா வழுக்கிட்டே போகும். முந்துன நாள் ராத்திரியே கிண்ணத்த சுத்தி டபிள்யூடி 40 (துரு இளக்குற ஸ்ப்ரே) அடிச்சு ஊற விட்டிருக்கோணும். கம்பிய கிண்ணத்தோட உள் விளிம்புல வெச்சு ஒரு தட்டு, அப்புறம் எதிர்ப் பக்கம் ஒரு தட்டு, மறுபடி இந்தப் பக்கம்னு மாத்தி மாத்தித்தான் தட்டோணும். ஒரே பக்கம் சாத்துனீங்கன்னா கிண்ணம் கோணலாகி சேசிஸ் ஓட்டைய முட்ட வடிவமாக்கிரும், அப்புறம் புதுக் கிண்ணம் நிக்கவே நிக்காது. கிண்ணம் போனா காசோட போச்சு, சேசிஸ் ஓட்டை போனா வண்டியே போச்சுங்க.

விளிம்பு தேஞ்சு கம்பிக்கு புடிமானமே இல்லன்னா? சுத்தியல பெருசாக்காதீங்க. வெல்டிங் பட்டறைக்கு போங்க, கோயமுத்தூர்ல கணபதி, பீளமேடு பக்கம் பட்டறைக்கா பஞ்சம். பாலு ஓடுன தடத்துலயே சுத்தி ஒரு வரி வெல்டிங் வெக்கச் சொல்லுங்க. ஆறறப்ப வெல்டிங் சுருங்கி கிண்ணத்த உள்பக்கமா இழுக்கும், அப்புறம் லேசாத் தட்டுனாலே வந்துரும், சில சமயம் தானாவே உழுந்துரும். வெல்டிங்குக்கு முன்னாடி பேட்டரிய கழட்டிருங்க, வெல்டிங் மெஷினோட எர்த் கிளிப்ப கழுத்துக்கு பக்கத்துலயே மாட்டோணும்.

ஃபோர்க் டீயோட (ரெண்டு ஃபோர்க் குழாயையும் கீழ புடிச்சு நிக்கற தாங்கி) தண்டுல கீழ ஒரு கோன் ஒட்டிட்டு இருக்கும், அதுதான் ரொம்ப படுத்தும். ரெண்டு பக்கமும் மாத்தி உளி வெச்சுத் தட்டுங்க. அசையலன்னா கிரைண்டர்ல கோனோட கனத்துல முக்கால்வாசி மட்டும் வெட்டி (தண்டுல படவே கூடாது) அந்த வெட்டுல உளிய வெச்சு ஓங்கி ஒரு அடி, விரிஞ்சிரும். கெட்டியான இரும்பு, தெறிக்கும், கண்ணாடி போடாம உளியத் தொடாதீங்க.

புதுசு மாட்டறப்ப கிண்ணத்த ஃப்ரீசர்ல ராத்திரி முழுக்க வெச்சு, பழைய கிண்ணத்த மேல கவுத்து அது மேல தட்டி எறக்குங்க. பழைய பால திரும்பப் போடாதீங்க, முழு செட்டா மாத்துங்க. கிரீஸ தாராளமா அப்பி நட்ட இறுக்குனப்புறம் முன் சக்கரத்த தூக்கி ஹேண்டில விரல்ல லேசா தள்ளிவிட்டா அதுவா ரெண்டு பக்கமும் சாயோணும், ஆட்டமும் இருக்கக் கூடாது.