ஒரு 'வேண்டும்', ஆங்கிலத்தில் எத்தனை சொல்? மஸ்ட், ஹேவ் டு, ஷுட், நீட்

'தண்ணீர் வேண்டும்' என்றால் ஆசை. 'பத்து மணிக்குள் வர வேண்டும்' என்றால் கட்டளை. 'உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்றால் அறிவுரை. 'இந்நேரம் ரயில் விழுப்புரம் தாண்டியிருக்க வேண்டும்' என்றால் ஊகம். நான்கும் ஒரே சொல்தான். இடத்தையும் குரலையும் வைத்து நாம் பிரித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. அதனால் சொல்லைத் தேடுவதற்கு முன், இந்த 'வேண்டும்' யாரிடமிருந்து வருகிறது என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பேசுகிறவரின் மனசிலிருந்தே அழுத்தம் வந்தால் மஸ்ட். வெளியிலிருந்து, அதாவது விதி, வேலை, சூழ்நிலை காரணமாக வந்தால் ஹேவ் டு. 'ஐ மஸ்ட் கால் அம்மா' என்றால் பேசாமல் இருப்பது எனக்கே உறுத்துகிறது. 'ஐ ஹேவ் டு கால் தி பேங்க்' என்றால் வங்கியில் கேட்டிருக்கிறார்கள், பேசியாக வேண்டும். இந்த எல்லை கறாரானது இல்லை. அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் ஹேவ் டுதான் புழங்குகிறது. சந்தேகம் வந்தால் பேச்சில் ஹேவ் டு, எழுதிய விதிகளில் மஸ்ட் என்று வைத்துக்கொள்ளலாம்.

மேலதிகாரிக்கு எழுதும்போது மஸ்ட் பக்கமே போகாதீர்கள். 'யூ மஸ்ட் அப்ரூவ் திஸ் டுடே' என்பது அவருக்கே உத்தரவு போடுவது மாதிரி. 'வி நீட் யுவர் அப்ரூவல் பை ஃபைவ்' என்று எழுதினால் அவசரம் வேலையின் மேல் விழும், ஆளின் மேல் விழாது. ஆனால் விருந்துக்கு அழைக்கும்போது இதே மஸ்ட் அன்பாகிவிடும். 'யூ மஸ்ட் கம் ஹோம் ஃபார் லன்ச்' என்பது நம் 'கட்டாயம் சாப்பிட வரணும்'. லாபம் விருந்துக்கு வருபவருக்கு என்பதால் அதிகாரம் தெரியாது.

ஷுட் என்பது அறிவுரை, கட்டாயம் இல்லை. 'ஆல் ஸ்டூடன்ட்ஸ் ஷுட் பே தி ஃபீஸ் பை ஃப்ரைடே' என்று சுற்றறிக்கை போட்டால், 'கட்டினால் நல்லது' என்றும் ஒருவர் படிக்கலாம். கடைசித் தேதி இருந்தால் மஸ்ட் போடுங்கள். கணினித் துறையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: இணையத் தொழில்நுட்ப விதிகளில் இச்சொற்களுக்கு என்ன பொருள் என்று சொல்லும், 1997இல் வந்த ஆர்.எஃப்.சி. 2119 ஆவணம், மஸ்ட் என்றால் விலக்கே இல்லாத விதி என்றும், ஷுட் என்றால் தகுந்த காரணம் இருந்தால் விளைவுகளை யோசித்து விலகலாம் என்றும் வரையறுக்கிறது. சட்டங்களில் மஸ்ட்டின் இடத்தை ஷேல் (shall) பிடித்துக்கொள்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குவது இந்தச் சொல்லால்தான். ஆட் டு (ought to) கிட்டத்தட்ட ஷுட் மாதிரிதான்; கடமை வாடை கொஞ்சம் கூடுதல், புழக்கம் குறைவு. ஹேட் பெட்டர் பார்வைக்கு மென்மை, உள்ளே எச்சரிக்கை. 'யூ ஹேட் பெட்டர் லீவ் நௌ' என்றால், கிளம்பாவிட்டால் வம்பு வரும் என்று பொருள். பெரியவர்களிடம் வேண்டாம்.

உண்மையான ஆபத்து எதிர்மறையில் இருக்கிறது. 'கூடாது' என்றால் மஸ்ட் நாட். 'வேண்டியதில்லை' என்றால் டோன்ட் ஹேவ் டு, அல்லது நீடன்ட். நேர்மறையில் மஸ்ட்டும் ஹேவ் டுவும் பக்கத்துப் பக்கத்து வீடு. எதிர்மறையில் வேறு வேறு ஊர். காய்ச்சல் நின்ற பிறகு மாத்திரை தேவையில்லை என்று சொல்ல நினைத்து 'யூ மஸ்ட் நாட் டேக் இட்' என்றால், சாப்பிட்டால் கெடுதல் என்று நோயாளி பயந்துவிடுவார். இதன் மறுபக்கம் இன்னும் மோசம். 'அந்த ஒயரைத் தொடக்கூடாது' என்பதற்கு 'யூ டோன்ட் ஹேவ் டு டச் தட் ஒயர்' என்றால், தொடுவது அவசியமில்லை, விரும்பினால் தொடலாம் என்று ஆகிவிடுகிறது. நம் 'வேண்டாம்' இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சொல். 'நீ வர வேண்டாம்' என்பது தடையா, சலுகையா என்று முதலில் தமிழிலேயே தீர்மானித்துவிட்டு, அப்புறம் மொழிபெயருங்கள்.

அடுத்த சிக்கல் இறந்தகாலம். கடமையைச் சொல்லும் மஸ்ட்டுக்கு இறந்தகாலம் கிடையாது. ஹேட் டுதான் வரும். ஆனால் தமிழில் 'நேற்று சென்னைக்குப் போக வேண்டியிருந்தது, முடியவில்லை' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'ஐ ஹேட் டு கோ டு சென்னை' என்றதுமே, போய் வந்துவிட்டீர்கள் என்று எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். அது நம் 'போக வேண்டியதாயிற்று'. போகாமல் விட்டிருந்தால் 'ஐ வாஸ் சப்போஸ்ட் டு கோ' என்று சொல்லுங்கள். 'அவர் வந்திருக்க வேண்டும்' என்பதும் இரட்டைப் பொருள் தரும். வாசலில் செருப்பைப் பார்த்துச் சொன்னால் 'ஹீ மஸ்ட் ஹேவ் கம்', வந்துவிட்டார் என்ற ஊகம். கூட்டம் முடிந்த பிறகு குறையாகச் சொன்னால் 'ஹீ ஷுட் ஹேவ் கம்', அவர் வரவில்லை. 'நீடன்ட் ஹேவ்' என்றால் செய்து முடித்தாயிற்று, வீண்வேலை: 'யூ நீடன்ட் ஹேவ் குக்ட்' என்பது சமைத்து வைத்தவரிடம் சொல்வது.

சொல் அமைப்பில் மஸ்ட், ஷுட் இரண்டுக்கும் பின்னால் டு வராது. 'மஸ்ட் டு கோ' தவறு. ஆட், ஹேவ் இரண்டுக்கும் டு கட்டாயம். ஹி, ஷி, இட் வந்தால் 'ஹேஸ் டு', 'நீட்ஸ் டு'. கேள்விக்கு 'டூ ஐ ஹேவ் டு கோ?' என்றே கேளுங்கள். 'ஹேவ் ஐ டு' பழைய வாடை.

கம்பல்சரி என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். 'கம்பல்சரியா வர்றேன்' என்பது நம் பேச்சில் உறுதிமொழி. அதையே 'ஐ வில் கம் கம்பல்சரி' என்று ஆங்கிலமாக்கினால் நிற்காது. அங்கே 'டெஃபினிட்லி' வேண்டும். கம்பல்சரி பாடத்துக்கும் தேர்வுக்கும் உரியது. 'ஐ ஆம் நெசஸரி டு கோ' என்பதும் இல்லை. 'இட் இஸ் நெசஸரி ஃபார் மீ டு கோ' சரி, ஆனால் பேச்சில் 'ஐ ஹேவ் டு கோ' போதும்.

உச்சரிப்பில் ஷுட்டில் எல் ஒலிக்காது. ஹேவ் டு வேகமாக வரும்போது 'ஹேஃப் டு' என்றே கேட்கும். மஸ்ட் நாட் சுருங்கினால் நடுவில் இருக்கும் டி விழுங்கப்பட்டு 'மஸன்ட்' ஆகும். தடையைச் சொல்லும் இடத்தில் அது காதில் விழாமல் போகலாம் என்று தோன்றினால் சுருக்காமல் 'மஸ்ட் நாட்' என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள்.