கையை ஊன்றாமல் எழும்புவது எப்படி? அம்மாயிக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சி

நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கியவர் என் அம்மாயி, அம்மாவின் அம்மா. அவருடைய காலுக்குப் பயிற்சி வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஒரு நாள் தலவாக்கலைக்குக் கிளினிக் போய்விட்டு வந்து ஸ்தோப்பில், அதாவது வீட்டின் முன்திண்ணையில், கதிரையில் உட்கார்ந்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பப் பார்த்தால் முடியவில்லை. இரண்டு கையையும் ஊன்றி, மூன்றாவது தடவைதான் எழும்பினார்.

வேலையிலிருந்து நின்று எட்டு வருடமாகிறது. வயது போகப் போகத் தசை குறையும், வேலையும் நின்றால் இன்னும் வேகமாகக் குறையும். “நான் தான் தினம் நடக்கிறேனே” என்பார்கள் நம் ஆட்கள். நடை நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது நடை மாதிரியான உடலசைவு, அதோடு இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலைக்குப் பயிற்சி என்று மூன்றையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள்.

பிரஷர், சீனி, நெஞ்சு வருத்தம் இருந்தால் அல்லது அண்மையில் விழுந்திருந்தால், முதலில் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால் அங்கேயே நிறுத்துங்கள். அதிகாலைக் குளிரில் வேண்டாம். வெயில் ஏறி, உடம்பு கொஞ்சம் சூடானபிறகு செய்யலாம்.

முதலாவது, கதிரை. நான் பிளாஸ்டிக் கதிரையை அறை நடுவில் போட்டேன். சீமெந்துத் தரையில் அது பின்னால் வழுக்கிப் போக, அம்மாயியை நான் பிடித்ததால் தப்பித்தோம். கதிரையின் முதுகு சுவரில் முட்டியிருக்க வேண்டும். என்னைக் கேட்டால் பிளாஸ்டிக்கே வேண்டாம், கனமான பலகைக் கதிரை அல்லது வாங்கு போதும். உயரம் 17 அங்குலம் அளவில் இருக்கட்டும். உயரம் குறைவாக இருந்தால் கம்பளியை இறுக்கி மடித்துப் போடுங்கள். தலையணை அமுங்கிவிடும், உதவாது.

இரண்டாவது, கணக்கு. கையை நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை தடவை முழுதாக எழும்பி உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். கையை ஊன்றினால் பூச்சியம். 70 முதல் 79 வயதுப் பெண்களுக்கு 10க்குக் குறைந்தால், விழும் ஆபத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மாயிக்கு 72 வயது. முதல் நாள் பூச்சியம்தான். முகம் சுருங்கிவிட்டது.

மூன்றாவது, எழும்புவது. நான் இரண்டு வாரம் வீணாக்கியது இங்கேதான். “நிமிர்ந்து எழும்புங்க அம்மாயி” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் நிமிர்ந்தார், பாதி எழும்பினார், பொத்தென்று திரும்ப உட்கார்ந்தார். “மலையேறுனவளுக்கு எந்திரிக்கச் சொல்லித்தாறியா புள்ள?” என்று கோபம் வேறு. ஒரு நாள் அடுப்படியில் பலகையிலிருந்து அவர் எழும்புவதைப் பார்த்தேன். முதலில் முன்னால் நன்றாகக் குனிகிறார், அதற்குப் பிறகுதான் எழும்புகிறார். பிழை என்னுடையது. நிமிர்ந்தபடி இருந்தால் உடம்பின் பாரம் பின்னால் கதிரையிலேயே தங்கிவிடும், காலுக்கு வராது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். இடுப்பைக் கதிரையின் விளிம்புக்குக் கொண்டுவாருங்கள். பாதத்தை இழுத்து, குதிக்கால் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும்படி வையுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து, தரையைக் காலால் தள்ளி எழும்புங்கள். நிமிர்வது கடைசியில்தான்.

உட்காரும்போது பொத்தென்று விழக்கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். என் கணக்கில் பாதிப் பயிற்சி அதில்தான் இருக்கிறது. சரிவில் இறங்கும்போது தொடை செய்யும் வேலையும் அதுதான், நம் ஊரில் சரிவில்லாத இடம் எங்கே? எண்ணுவதைச் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். மூச்சை அடக்கினால் பிரஷர் ஏறும், வாய் எண்ணிக்கொண்டிருந்தால் மூச்சை அடக்க முடியாது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கிலோ கூப்பிடுகிற குரலிலேயே அம்மாயி எண்ணுவார், லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும்.

ஐந்து தடவையில் தொடங்கி, பத்துக்கு வந்தபிறகு இரண்டு சுற்று. வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு.

நான்காவது, சமநிலை. ஸ்தோப்பின் அரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பாதமும் ஒட்டி 10 வினாடி நிற்க வேண்டும். அது சரிவந்தால் ஒரு பாதத்தை அரைப் பாதம் முன்னால் வைத்து. அப்புறம் ஒரு பாதத்தின் குதியை மற்றதன் விரலோடு ஒட்டி, ஒரே கோட்டில். கடைசியாகத்தான் ஒற்றைக் கால். வரிசையைத் தாண்டாதீர்கள். பிடியை விடுவதும் படிப்படியாக: இரண்டு கை, ஒரு கை, ஒரு விரல். அதே சுவரைப் பிடித்துக்கொண்டு குதியைத் தூக்கி இறக்குவதையும் பத்துத் தடவை சேர்த்துக்கொள்ளலாம்.

ரப்பர் செருப்போடு செய்ய வேண்டாம், காலுறை மட்டும் போட்டும் வேண்டாம். வெறுங்கால் அல்லது குதி மூடிய சப்பாத்து. இழுக்கும் ரப்பர் பட்டி ஒன்று கடையில் வாங்கினேன், இரண்டு மாதத்தில் அறுந்துவிட்டது. இப்போது துணிப்பையில் அரைக் கிலோ மணல் போட்டுக் கணுக்காலில் கட்டுகிறோம். உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டி மடக்க அது தாராளம்.

சேர்க்கை: முழங்கால் வலிக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கம்பளியை இன்னும் உயரமாக மடியுங்கள், வலி குறைந்தபிறகு மடிப்பை ஒவ்வொன்றாக எடுங்கள். மறுநாளும் குறையாமல் வலித்தால் டொக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொரு சேர்க்கை: பதுளைப் பக்கத்திலிருந்து ஒருவர், எழும்பியதும் அவருடைய அப்பாவுக்குக் கண் இருட்டுகிறது என்று கேட்டிருந்தார். உடனே நிறுத்துங்கள். படுத்திருந்து எழும்பும்போது பிரஷர் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லி, மருந்துச் சீட்டையும் கிளினிக்குக் கொண்டுபோங்கள். சில பிரஷர் மருந்துகளாலும் அப்படி வரும்.

மூன்று மாதத்தில் அம்மாயியின் 30 வினாடிக் கணக்கு 11. பக்கத்துக் காம்பராப் பாட்டியும் இப்போது வருகிறார், அவருக்கு 8. வாங்கு ஒன்றுதான் என்பதால் ஒருவர் செய்ய மற்றவர் எண்ணுகிறார். பாட்டி செய்யும்போது மட்டும் அம்மாயி கொஞ்சம் வேகமாக எண்ணுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.