மறுபிறவிக் குழந்தையின் வலியும் நம்பிக்கையும்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

துரோகத்தில் செத்த வீரன் ஒருவன் குழந்தையாகப் பிறக்கிறான். மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு பாட்டி அவனைக் கட்டிப்பிடிக்கிறாள். அழுது தீர்க்கிறான், அதோடு சரியாகிவிடுகிறான். மறுபிறவியைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும் வாசகர் கூட இந்த அழுகையை நம்ப மாட்டார்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு பாத்திரத்தை வைத்துக்கொள்வோம். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த சிப்பாய்களில் ஒருவன். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி கோட்டையை மீட்டதும், அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த சிப்பாய்களை வெளியே கொண்டுவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். நம் ஆள் அங்கே செத்தவன். திட்டத்தை முன்கூட்டியே மேலதிகாரியிடம் போய்ச் சொன்ன முஸ்தபா பேக்கும் ஒரு சிப்பாய்தான் என்பது இவனுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் காயம் இரண்டு: ஒன்று சுவர், இன்னொன்று கூட இருந்தவன். இப்போது அவன் அதே வேலூரின் கொசப்பேட்டையில் ஆயா, அதாவது பாட்டி, வளர்க்கும் நாலு வயதுப் பையன்.

எழுத உட்காரும் முன்பே முடிவு செய்ய வேண்டியது, நினைவு எப்படி வருகிறது என்பதுதான். பிறந்த நொடியிலிருந்தே முழுசாக இருக்கிறதா, துண்டு துண்டாக வருகிறதா, ஒரே நாளில் கொட்டுகிறதா? இதை முடிவு செய்யாமல் தொடங்கினால், கதைக்குத் தேவைப்படும் இடத்தில் மட்டும் வலி வந்து மற்ற இடங்களில் காணாமல் போகும். பல தொடர்கள் இந்த ஒரு இடத்தில்தான் சரிகின்றன. முன்பிறவி பேசும் குழந்தைகளைப் பற்றிப் பல ஆண்டுகள் தகவல் திரட்டிய மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சனின் பதிவுகளில், குழந்தைகள் பெரும்பாலும் 2 முதல் 4 வயதுக்குள் பேசத் தொடங்கி, 5 முதல் 8 வயதுக்குள் நிறுத்திவிடுகிறார்கள். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. ஆனால் கதைக்கு அது நல்ல கெடு: பையன் யாரிடமாவது சொல்ல வேண்டும், சொல்வதற்குள் மறந்துபோகலாம்.

அடுத்த தவறு, குழந்தை உடம்பை வெறும் சட்டையாக நினைப்பது. ஒரு வயதில் ஓரிரு சொல், இரண்டு வயதில் இரண்டு சொல் வாக்கியம், நாலு வயதிலும் 'ர' பல பிள்ளைகளுக்கு 'ல'தான். உள்ளே நாற்பது வயது இருந்தாலும் வாய் இவ்வளவுதான் பேசும். ஆத்திரத்தை அடக்கும் மூளைப் பகுதி முதிர இருபத்தைந்து வயது வரை ஆகும். ஆகவே ‘பெரியவன் புத்தி இருப்பதால் நிதானமாக இருந்தான்’ என்று எழுதாதீர்கள். பகல் தூக்கம் தப்பினால் அவனும் தரையில் விழுந்து புரள்வான், அதற்காக உள்ளுக்குள் வெட்கப்படவும் செய்வான். கைக்குழந்தைப் பருவத்தை எழுதுகிறவர்களுக்கு ஒன்று: எட்டு மாதம் வாக்கில் புது முகம் கண்டு அழுவது உடம்பின் வேலை. யாரையும் நம்பக் கூடாது என்று மனசு சபதம் போட்டிருக்க, உடம்பு ஆயாவின் இடுப்பைத் தேடும். இந்த இழுபறியை விட்டுவிட்டால் மறுபிறவிக் கதைக்கே வேலையில்லை.

வலி என்றாலே அலறி எழும் கனவு என்று ஆகிவிட்டது. கனவையாவது சரியாக எழுதலாம். தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் வீறிட்டு, கண் திறந்திருந்தும் யாரையும் அடையாளம் தெரியாமல், காலையில் எதுவும் நினைவில்லாமல் இருந்தால் அது தூக்கத் திகில். விடியற்காலைப் பக்கம் முழித்து, பயந்ததைச் சொல்ல முடிந்தால் அது கெட்ட கனவு. முதல் வகைக்குப் பிறகு பையன் உட்கார்ந்து கோட்டைச் சண்டையை விவரித்தால் பொய்யாகிவிடும். பகலில் தெரிகிற அடையாளங்கள் இன்னும் உதவும்: காரணமில்லாத வயிற்றுவலி, விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்புவது, ஒரே விளையாட்டைச் சிரிப்பில்லாமல் திரும்பத் திரும்ப ஆடுவது. புளியங்கொட்டைகளைச் சுவரோரம் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகக் கவிழ்க்கிறான் என்று எழுதுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள்.

வெடிச்சத்தம் எல்லோரும் எடுக்கிற தூண்டுதல். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வாணவேடிக்கையில் அவன் நடுங்குவதை எந்த வாசகரும் முன்பே ஊகித்துவிடுவார். சாதாரண இடத்தில் வையுங்கள். பால்வாடியில் உயரம் அளக்கிறார்கள். டீச்சர் அன்பாகத்தான் சொல்கிறார்: “செவுத்துல முதுவ ஒட்டி நில்லு கண்ணு.” பையன் அழவில்லை, ஓடவில்லை. சொன்னபடி நிற்கிறான், குதிகால் ஒட்டியிருக்கிறது. கால்சட்டை நனைகிறது. பார்வை டீச்சரின் கையை விட்டு அகலவில்லை. பயந்த பிள்ளை எதிர்க்கும் அல்லது ஓடும் என்று மட்டுமே எழுதுகிறோம். உறைந்துபோவதும், சொன்னதையெல்லாம் செய்து ‘நல்ல பிள்ளை’ ஆவதும் அதே பயம்தான். ஊரே மெச்சும் அடக்கமான பையனை ஆயா மட்டும் சந்தேகமாகப் பார்த்தால், அவள் அவனைக் கவனித்தவள் என்று வாசகருக்குப் புரியும்.

இனி நம்பிக்கை. ஒரு தடவை காப்பாற்றினால் நம்பிக்கை வந்துவிடும் என்பது பெரிய தவறு. கூட இருந்தவனே காட்டிக்கொடுத்த அனுபவம் இருப்பவனுக்கு உதவி என்பதே சந்தேகம். நம்பிக்கையை ஆள், காரியம், அளவு என்று மூன்றாகப் பிரித்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சோற்றுக்கு ஆயாவை நம்புவான், ரகசியத்துக்கு நம்ப மாட்டான். மாமாவோடு கடைக்குப் போவான், கதவு சாத்திய அறையில் இருக்க மாட்டான்.

படிகள் இப்படிப் போகலாம். முதலில் தட்டை வாங்கி, “நீ துன்னு ஆயா மொதல்ல” என்கிறான். அவள் ஏன் என்று கேட்காமல் ஒரு வாய் தின்றுவிட்டுக் கொடுக்கிறாள். தினமும் அப்படியே. பிறகு அவள் தின்பதைப் பார்க்காமலே சாப்பிடுகிறான். அதை அவனே கவனிப்பதில்லை. அடுத்து, அவளுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறான். அப்புறம் வேண்டுமென்றே சொம்பை உருட்டிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறான். இந்தச் சோதனையைத் தவற விடாதீர்கள். நம்பத் தொடங்கும்போதுதான் பிள்ளைகள் அதிகமாகச் சீண்டும். மூன்று படி ஏறினால் ஒரு படியாவது சறுக்க வேண்டும். சறுக்கலுக்கு வில்லன் வேண்டாம். “சாயங்காலம் வந்துடுவேன்” என்று காட்பாடிக்குப் போன ஆயா பஸ் தவறி இரவில் வந்தால் போதும். மறுநாள் மறுபடியும், “நீ துன்னு மொதல்ல.” அவள் “சொன்ன நேரத்துக்கு வரல, எம்மேலதான் தப்பு” என்கிறாள். பெரியவர் தன் தவறை ஒத்துக்கொள்ளும் இந்த வரி, எந்த வீரசாகசத்தை விடவும் அவனை நகர்த்தும்.

வீட்டார் நடந்துகொள்வதும் ஊரைப் போல இருக்கட்டும். இங்கே குழந்தை இரவில் அலறினால் முதலில் சுத்திப் போடுவார்கள், வேப்பிலை அடிப்பார்கள், தர்காவுக்குக் கொண்டுபோய் மந்திரித்துத் தாயத்துக் கட்டுவார்கள். பிறகுதான் யாராவது பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருப்பதைச் சொல்வார்கள். இதில் எதையும் மூடத்தனம் என்று ஆசிரியர் குரலில் ஏசாதீர்கள். தாயத்துக் கட்டும்போது கையை இறுக்கிப் பிடித்தார்களா, சொல்லிவிட்டுத் தொட்டார்களா என்பதுதான் பையனுக்கு முக்கியம்.

மந்திர சக்தியால் வலியை அழிக்காதீர்கள். சக்தி வேண்டுமென்றால் அதற்கும் வலிக்கும் முடிச்சுப் போடுங்கள்: உறைந்துபோகும்போது அது வேலை செய்யாது. உள்ளே பெரியவர் இருக்கிறார் என்ற சாக்கில் குழந்தைப் பாத்திரத்துக்குக் காதல் எழுதுவது எந்த நிலையிலும் கூடாது.

கடைசியாக, அவனைக் கோட்டைக்கு அழைத்துப் போய் “இதுதான் அந்தச் சுவர்” என்று கைகாட்ட வைக்கும் உச்சக்காட்சி. அந்தச் சண்டை நடந்து இருநூறு வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது. வெளியே பஸ் சத்தம், உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு வரும் கூட்டம். அவனுக்கு எதுவும் அடையாளம் தெரியாமல் போவதே இயல்பு. அகழித் தண்ணீரை மட்டும் வெகுநேரம் பார்க்கலாம். அவன் ஆயாவிடம் சொல்வது அங்கே நடக்க வேண்டியதில்லை. வேறொரு நாள், அவள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, அவள் கண்ணைப் பார்க்காமல், பாதி வாக்கியம் சொல்வான். அவளை ஆதாரம் கேட்க விடாதீர்கள், அழவும் விடாதீர்கள். கீரையை ஆய்ந்தபடியே “அப்புறம்?” என்று கேட்கட்டும்.